நடுவுக்கு வராத முள்

இடது காலை கிளட்சிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள் கலாமணி. வைத்துவிட்டாளா? குனிந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. குனிந்தால் ரோடு போய்விடும். இடப்பக்கம் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே இன்னொரு தேயிலைச் சரிவு, அதற்கும் கீழே யாருடைய கேரட் தோட்டமோ. கால் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். அறுபது வயது வரைக்கும் இந்தக் காலை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. கிராம நர்ஸ் வேலையில் தடுப்பூசிப் பெட்டியோடு எத்தனை எஸ்டேட், எத்தனை லைன் வீடு, எத்தனை வழுக்குப் படிக்கட்டு. ஒரு தடவை இடறியிருக்குமா? ரிட்டயர் ஆகி, கார் ஓட்ட உட்கார்ந்த பிறகுதான் பாவம் அதன்மேல் திருட்டுப்பட்டம் விழுந்தது. "கிளட்ச் மேல காலை வெச்சுட்டே ஓட்டறே. அதான் இப்பிடிக் குடிக்குது" என்றார் சென்னியப்பன். சொன்னது புருஷன் மட்டும் என்றால் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டிருப்பாள், அதற்குத்தான் கல்யாணமாகி இத்தனை வருஷம் பழகியிருக்கிறாளே. கோத்தகிரி ஒர்க்‌ஷாப்பிலும் அதையே சொல்லிவிட்டார்கள். பிளக் பார்த்தார்கள், ஏர் ஃபில்டர் பார்த்தார்கள், டயரில் காற்றுப் பார்த்தார்கள், நாலு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றிப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இல்லாதது ஒன்றுதான் மிச்சம், அது சீட்டில் உட்கார்ந்திருந்தது. "ஓட்டறதுல இருக்குதுங்க சார்" என்று அந்தப் பையன் அவள் முகத்தைப் பார்க்காமல் சென்னியப்பனைப் பார்த்துச் சொன்னான். லிட்டருக்குப் பதினேழு கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, அவள் கைக்கு வந்ததும் பதினொன்று. அவர் ஓட்டும்போது பதினேழு, அவள் ஓட்டும்போது பதினொன்று. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அதனால்தான் இன்றைக்கு இந்தப் பரீட்சை. காலையில் கோத்தகிரி பங்க்கில் டேங்க்கை முட்ட முட்ட நிரப்பி, கிலோமீட்டர் காட்டுகிற மீட்டரைப் பூஜ்யத்துக்குத் தள்ளி, ஊட்டி வரைக்கும் போய்த் திரும்பி, அதே பங்க்கில், அதே குழாயில், மறுபடி நிரப்பிப் பார்க்க வேண்டும். அதே குழாய் என்று அவர் அழுத்திச் சொன்னார். கேள்வித்தாளை அவர்தான் போட்டார். பதினொன்றைத் தாண்டவில்லையென்றால் மத்தியானம் புரோக்கர் பெரியண்ணன் வந்து வண்டியைப் பார்ப்பான். பார்த்தால் முடித்துவிடுவான், அவன் அப்படிப்பட்ட ஆள். "எஞ்சின் போறதுக்குள்ள தள்ளி உட்டரலாம் புள்ள. நீயும் எதுக்கு இந்த வயசுல கஷ்டப்பட்டுட்டு" என்று அவர் கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவுதான் அவளைக் கொன்றது. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். கஷ்டமா? யாருக்குக் கஷ்டம்? இந்த ஆறு மாதத்தில், வாரத்துக்கு இரண்டு நாள், பஸ் போகாத எஸ்டேட்டுகளுக்கு இந்த வண்டியில்தான் போய்க்கொண்டிருக்கிறாள். எழுந்து நடமாட முடியாமல் படுக்கையில் கிடக்கிறவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுப்போட்டு, மூத்திரக் குழாய் மாற்றி, கொஞ்ச நேரம் பேசிவிட்டு வருகிறாள். சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. ஆரோக்கியசாமி அண்ணன், முதுகு முழுக்கப் புண், "உங்க கார் திரும்பற சத்தம் கேட்டாலே பாதி வலி போயிருதுங்க சிஸ்டர்" என்பார். வண்டி போய்விட்டால் அவருக்கு என்ன சொல்வது? என் கால் சரியில்லை அண்ணா, பெட்ரோல் அதிகமாகக் குடிக்கிறது என்றா? படுக்கையில் கிடக்கிற மனுஷனிடம் போய் என் கால் சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

ஊட்டியிலிருந்து திரும்புகிற வழியில் தொட்டபெட்டா முக்கு தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. பனிமூட்டம் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்து ரோட்டைக் கடந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் கியர். இறக்கத்தில் கியரில் விட்டால் பெட்ரோல் குறையும் என்று அவர் சொன்னார். நியூட்ரலில் விட்டால்தான் குறையும் என்று பக்கத்து வீட்டு ஆள் சொன்னார். நியூட்ரலில் விட்டால் ஆளே குறைந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். ஆறு மாதமாக அவள் கேட்காத யோசனை இல்லை. டிக்கியில் இருந்த அரிசி மூட்டையை இறக்கினாள், கட்டுப்போடும் சாமான் பெட்டியைப் பாதியாக்கினாள், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டிப் பார்த்தாள், கிளட்ச் தொட்டால் தெரியட்டும் என்று. வெறுங்கால் குளிரில் விறைத்ததுதான் மிச்சம். இதோ இப்போதும் வெறுங்கால்தான், செருப்பு இரண்டும் பின்சீட்டுக்குக் கீழே ஜோடியாக உட்கார்ந்துகொண்டு வருகின்றன. ஆக்ஸிலேட்டருக்கும் பாதத்துக்கும் நடுவில் முட்டை இருப்பதாக நினைத்துக்கொண்டு மிதி என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அன்று முழுக்க முட்டை நினைப்பாகவே ஓட்டி ஒரு வளைவில் வண்டி திணறி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் ஆரன் அடிக்கவில்லை, இறங்கி வந்து "தள்ளட்டுங்களாம்மா" என்றான். அதுவும் கனிவு. உலகத்தில் ஆம்பிளைகளுக்குத்தான் எவ்வளவு கனிவு. இப்போது பார், இதை நினைத்துக்கொண்டு வந்ததில் கால் எங்கே போயிற்று? கிளட்ச் மேலா? கலாமணி காலைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். ஏற்கனவே அங்கேதான் இருந்தது போல. இல்லை, தூக்கி வைத்ததால் இப்போது அங்கே இருக்கிறதா?

கண்ணாடியைப் பார், ரோட்டைப் பார், முள்ளைப் பார். முள்ளைப் பார்ப்பது அவளாகச் சேர்த்துக்கொண்ட வேலை. சித்திரை மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது, அப்போது அவர்தான் ஓட்டினார், பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் மேலே சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி வெடித்துவிடும் என்று நினைத்து அவள் கைப்பையோடு ரோட்டோரம் ஓடிப்போய் நின்றாள். புருஷனை விட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள் என்று அவர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். வண்டியைத் திரும்பக் கீழே இழுத்துப்போய், மேட்டுப்பாளையத்தில் கனகு மெக்கானிக்கிடம் விட்டு, தண்ணீர் ஓடுகிற ரப்பர் ஓஸை மாற்றி, என்னென்னவோ பார்த்து எடுத்து வந்தார்கள். மேலே கொண்டுவந்து நிறுத்திய அடுத்த வாரமே அவருக்குக் கண்ணில் திரை இறங்கினது மாதிரி ஆகி, கோயமுத்தூரில் ஆபரேஷன், இனிமேல் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பீரோவில் கிடந்த லைசென்ஸைத் தூசி தட்டி அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த நாளிலிருந்து, வீட்டில் ஜுரக்காரப் பிள்ளை இருந்தால் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அதுவும் தங்கமான முள். அவள் ஓட்டுகிற இந்த ஆறு மாதமும் ஏறவே இல்லை. அடிக்கோட்டை ஒட்டிக் கீழேயே கிடக்கிறது. இதோ இப்போதும். மைலேஜ் போனால் என்ன, சூடாவது ஏறாமல் ஓட்டுகிறேனே என்று அவளுக்குள் ஒரு சின்னப் பெருமை உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. நர்ஸுக்குத் தெரியாதா, ஜுரம் இல்லையென்றால் பாதிக் கவலை இல்லை.

வளைவு திரும்பியதும் காட்டெருமை நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே, நல்ல நடுவில், வேறு எங்கேயும் போக வேண்டியதில்லாதது மாதிரி. கலாமணி பிரேக்கை மிதித்தாள், கிளட்சை மிதித்தாள், இப்போது நியாயமாக மிதிக்கலாம் என்பதே ஒரு சுகமாக இருந்தது. பிறகு நியூட்ரலுக்குத் தள்ளிக் காலை எடுத்தாள். எருமை அவளைப் பார்த்தது. ஆரன் அடிக்கக் கூடாது, லைட் அடிக்கக் கூடாது, இறங்கக் கூடாது, அது போகிறபோது போகும். மலையில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். ஆனால் பெட்ரோல்? நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுகிறது, பரீட்சைப் பேப்பரில் மை ஊற்றினது மாதிரி. நிறுத்திவிடலாமா? நிறுத்தி, அது பாய்ந்து வந்தால், அந்த நேரம் பார்த்து ஸ்டார்ட் ஆகாமல் போனால்? மைலேஜுக்காக எருமையிடம் குத்துப்பட்டாள் என்று பேப்பரில் போடுவார்கள். பெரியண்ணன் அப்போதும் வந்து வண்டியைப் பார்ப்பான். ஓடட்டும். நீ என்ன பார்க்கிறாய்? உனக்கு என்ன, புல்லைத் தின்றாய், நின்றாய். லிட்டருக்கு எத்தனை என்று உன்னை யார் கேட்டார்கள்? எருமையின் மூக்கிலிருந்து ஆவி ஆவியாக வந்தது, முதுகிலிருந்துகூட லேசாகப் புகைந்தது, அவ்வளவு சூடு அந்த உடம்புக்குள். இந்தக் குளிரில் அதன் பக்கத்தில் போய் நின்றால் கதகதவென்று இருக்கும். இங்கே வண்டிக்குள் அவள் மூச்சே கண்ணாடியில் படர்ந்து, எருமை மெதுவாக மங்கி, கறுப்பாக ஒரு திட்டாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. இதுதான் ஆபத்து. அது இருக்கிறதா போய்விட்டதா என்பதே தெரியாமல் உட்கார்ந்திருக்க முடியாது. கையால் துடைத்தாள், மறுபடி படர்ந்தது. ஹீட்டர் போட்டால் போய்விடும். போடக் கூடாது, "ஹீட்டரைத் தொடாதே, அது வேற குடிக்கும்" என்று அவர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். ஆறு மாதமாக அவள் அந்தத் திருகைத் தொட்டதே இல்லை. போய்த் தொலையட்டும், உயிருக்கு மேல் மைலேஜா? சிவப்புப் பக்கம் முழுக்கத் திருகி, ஃபேனை வேகமாக வைத்தாள். காற்று வந்தது. பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியை முகத்தில் போட்டதுபோல வந்தது.

நல்லது. ஹீட்டரும் போச்சு. இது ஒன்றுதான் பாக்கியாக இருந்தது. இதையும் நான்தான் கெடுத்தேன் என்று சொல்லட்டும், ஹீட்டர் மேல் காலை வைத்துக்கொண்டு ஓட்டினேன் என்று சொல்லட்டும். கையை அந்த ஓட்டை முன்னால் நீட்டினாள். கொஞ்சம் பொறுத்தால் சூடு வரும். வரவில்லை. ஊட்டி போய்த் திரும்பி வருகிற வண்டி, இவ்வளவு நேரம் ஓடிய வண்டி, இன்னும் எவ்வளவு பொறுக்க வேண்டும்? போன மார்கழியில் ஊட்டிக் கல்யாணத்துக்குப் போய்விட்டு மழையில் திரும்பும்போது அவர்தான் இதே ஹீட்டரைப் போட்டார். அன்றைக்கு விதி கிடையாது, அவர் ஓட்டுகிறார் அல்லவா. அப்போது கீழே வந்த காற்றில் அவள் கால்விரல் சுட்டு, புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அப்படிச் சுட்டது இப்போது எங்கே போயிற்று? சூடு எங்கிருந்து வரும்? அடுப்பா வைத்திருக்கிறார்கள் உள்ளே, எஞ்சின் சூடுதானே வர வேண்டும். வெறும் பாதத்தில் அந்தக் காற்று பட்டது. கலாமணி குனிந்தாள், நிற்கிற வண்டியில் குனியலாம், தன் இடது பாதத்தைக் கையால் பிடித்தாள். சில்லென்று இருந்தது. பாதத்தைப் பிடித்துப் பார்த்த கை அப்படியே நின்றது, ஏனென்றால் அந்தக் கைக்கு இந்தக் குளிர்ச்சி தெரியும். இதே குளிர்ச்சி. இதைவிடச் சின்னப் பாதம், கட்டைவிரல் அகலம்கூட இல்லாத பாதம். ருக்குவின் பிள்ளை.

கலாமணி வேலையில் இருந்த காலம். ருக்கு ஒரு எஸ்டேட் டிரைவர் பெண்டாட்டி. அவளுக்கு அம்மா இல்லை, அதனால் பிரசவத்துக்குத் தாய்வீடு போகாமல் மலையிலேயே இருந்தாள்; மாமியார் பவானியிலிருந்து மேலே ஏறி வந்து கூட இருந்தாள். கெட்ட மாமியார் இல்லை, ஓடி ஓடிச் செய்தாள். ஆனால் பிள்ளை எடை ஏறவில்லை. பால் குடிக்காத பிள்ளையென்றால் சரி, இது மணிக்கணக்கில் குடித்தது, ருக்கு துவண்டு போகிற வரைக்கும் குடித்தது, தராசுத் தொட்டிலில் போட்டுத் தூக்கினால் போன தடவை நின்ற இடத்திலேயே நிற்கும். "பாலு தண்ணியா இருக்குதுங்க சிஸ்டர். சத்தே இல்ல. எங்கூட்டுல எல்லாப் புள்ளைகளும் கொழுகொழுன்னு வந்துச்சுங்க, இவகிட்டத்தான் இப்பிடி" என்று மாமியார் வாசலில் நின்று சொல்வாள், உள்ளே ருக்கு கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டாள். பேச என்ன இருக்கிறது, குடிக்கிறது, ஏறவில்லை, கொடுக்கிறவள் அவள். வேறு என்ன சாட்சி வேண்டும்? பூண்டு தின்னச் சொன்னார்கள், கருவாடு கொடுத்தார்கள், பசும்பால் மாற்றலாம் என்று பேச்சு வந்தது. ஒருநாள் எடை போட்டுத் திரும்பத் துணியில் வைக்கும்போது பிள்ளையின் பாதம் கலாமணியின் உள்ளங்கையில் பட்டது. சில்லென்று. வயிற்றைத் தொட்டாள், வயிறும் சூடில்லை. தெர்மாமீட்டர் வைத்தாள், ஜுரம் இல்லை என்று மாமியார் முகம் மலர்ந்தது. ஜுரம் இல்லைதான். இருக்க வேண்டிய சூடும் இல்லை. தினமும் காலையில் மாமியார் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி காட்டி, புகை போக ஜன்னலைத் திறந்துவைத்து, தொப்பியில்லாமல், சாக்ஸில்லாமல் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியில் கிடத்தி வைத்திருக்கிறாள். பவானி வெயிலில் அது சரி. அங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தன. இங்கே இந்தப் பிள்ளை குடித்த பாலையெல்லாம் தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே செலவழித்துக்கொண்டிருந்தது. குடிக்கும், எரிக்கும், குடிக்கும், எரிக்கும்; வளர்வதற்கு மிச்சம் இல்லை. பாலில் ஒரு குறையும் இல்லை. கலாமணி பிள்ளையைத் துணியில்லாமல் எடுத்து ருக்குவின் ஜாக்கெட்டுக்குள்ளே நெஞ்சோடு ஒட்டவைத்து மேலே போர்வையைச் சுற்றிவிட்டாள். குளியலை நிறுத்தினார்கள், குல்லா போட்டார்கள். அப்புறம் தராசு ஏறியது. ஏறின அன்றைக்கு ருக்கு பிள்ளையைப் பார்க்கவில்லை, தராசைப் பார்க்கவில்லை, கலாமணியைப் பார்த்து, "அப்பொ எம் பாலு நல்ல பாலுதானுங்களா சிஸ்டர்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுத அழுகை இருக்கிறதே.

குடிக்கும், எரிக்கும். கலாமணி நிமிர்ந்து முள்ளைப் பார்த்தாள். அடிக்கோட்டை ஒட்டி, சமர்த்தாக, கீழேயே கிடந்தது. ஜுரம் இல்லை. ஜுரம் இல்லை என்று ஆறு மாதமாக மகிழ்ந்துகொண்டிருந்த மாமியார் யார்? நான்தான். வேறு யார்? இந்த முள் எங்கே நிற்க வேண்டும்? பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த வருஷமெல்லாம் யார் அதைப் பார்த்தார்கள், அவள் வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். ஆனால் அன்றைக்கு, ஆவி வந்த அன்றைக்கு, அவர் பதறிப்போய்ச் சொன்னாரே. என்ன சொன்னார்? கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள், அப்போது சொன்னார். "எப்பவும் நடுவுல நிக்குமே இது, இன்னைக்கு என்னாச்சு." எப்பவும் நடுவுல. நடுவில் நிற்க வேண்டிய முள். நடுவில் நின்றபோது பதினேழு கொடுத்தது, ஹீட்டரில் விரல் சுட்டது. கீழே விழுந்ததிலிருந்து பதினொன்று, ஹீட்டரில் பச்சைத் தண்ணீர். அப்படியென்றால் எஞ்சின் சூடேறவே இல்லை, குடிப்பதையெல்லாம் சூடாக்கிக்கொள்ளவே எரிக்கிறது, அப்படியென்றால். அவசரப்படாதே, ஆசைக்குத் தகுந்த மாதிரி கண்டுபிடிக்காதே, உனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும், வண்டியும் பிள்ளையும் ஒன்றா? இல்லை. ஆனால் காற்று குளிர்ச்சியாகத்தான் வருகிறது. அது பொய் இல்லை. கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். ரோடு காலியாக இருந்தது. எருமை எப்போதோ போய்விட்டிருக்கிறது, அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

கட்டபெட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை. வண்டியை ஓரங்கட்டி, பின்சீட்டில் கையை விட்டுச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கி, பானெட்டைத் தூக்கினாள். கடைக்கார அம்மா எட்டிப் பார்த்து "சூடாயிருச்சுங்களா, தண்ணி வேணுங்களா?" என்றாள். "அதைத்தாங்க பாக்கறேன்" என்றாள் கலாமணி. மூடியைத் திறக்கக் கூடாது என்பது தெரியும். ரேடியேட்டருக்குப் போகிற தடித்த கறுப்பு ஓஸ் மேல் புறங்கையை முதலில் லேசாக வைத்தாள், பிறகு விரலால் வளைத்துப் பிடித்தாள். இறங்கி ஓடி வந்த எஞ்சினின் ஓஸ் கையைச் சுட்டுத் தள்ள வேண்டும். வாங்கி வைத்து மறந்துபோன காப்பி டம்ளர் மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள், கையை எடுக்க மனம் வரவில்லை. பிறகு ஃபோனை எடுத்துக் கனகுவைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க்கா, நல்லாருக்கீங்களா, சாருக்குக் கண்ணு எப்பிடிங் இருக்குது?"

"எல்லாம் இருக்கட்டும் தம்பி. சித்திரையில வண்டி ஆவி வந்து உங்கிட்ட உட்டமில்ல. அதுல ஓஸ் மாத்தினே. வேற என்ன பண்ணினே?"

"ஓஸ் மாத்தினனுங்க. தண்ணி மாத்தினனுங்க. அப்புறம் அந்தத் தெர்மோஸ்டாட் வால்வு இருக்குதுங்களே, அதக் கழட்டிப் போட்டுட்டனுங்க்கா."

"அது எதுக்கு இருக்கறது?"

"எஞ்சின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு உடாமப் புடிச்சு வெக்குமுங்க. அது பழசாகி இறுகிப் போச்சுன்னா வண்டி கொதிச்சுருமுங்க. அதான் எடுத்துட்டேன். நான் எல்லா வண்டிக்கும் எடுத்துருவனுங்க்கா. நம்மூரு வெயிலுக்கு அது எதுக்குங்?"

"நம்மூருன்னா எந்த ஊரு தம்பி?"

"இதானுங்க்கா, மேட்டுப்பாளைய—" என்று சொல்லி நிறுத்தினான். அந்தப் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் யாரோ சுத்தியால் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அட ஆமாங்க்கா. நீங்க கோத்தகிரியில்லீங்களா. அங்க எஞ்சின் எப்பிடிச் சூடாகும், எந்நேரமும் பச்சைத் தண்ணி ஓடிட்டே இருக்குமுங்களே. எஞ்சின் இன்னும் ஆறிக் கெடக்குதுன்னு நெனச்சுட்டுப் பெட்ரோல அள்ளி அள்ளி உடுமுங்க்கா. மைலேஜ் போயிருக்குமே?"

"போயிருக்குது" என்றாள் கலாமணி. "பதினேழு பதினொண்ணாயிருக்குது. கிளட்ச் மேல கால வெச்சு ஓட்டினா அவ்வளவு போகுமா தம்பி?"

"கிளட்ச் தேயுமுங்க, மைலேஜும் ஒண்ணு ரெண்டு போகும். ஆறு எப்பிடிங்க்கா போகும்? இது வால்வேதானுங்க. கொண்டாங்க, புதுசு மாட்டித் தர்றேன். என் தப்புதானுங்க்கா. சாருகிட்ட அன்னைக்கே சொன்னனுங்களே, வால்வு எடுத்துட்டேன்னு. சரின்னாருங்களே."

சரி என்றாராம். அவளுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தாள், இருந்த இடத்தில் நெஞ்சு லேசாகக் காற்றாடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பாவம், அடுத்த வாரமே கண் போன மனுஷனுக்கு வால்வா நினைவிருக்கும். நான் இல்லை. நான் இல்லை. கால் இல்லை. இந்தக் கால் ஒரு பாவமும் அறியாது. டீக்கடை அம்மா கொண்டுவந்து கொடுத்த டீயை வாங்கி நின்றபடியே குடித்தாள், அதில் சர்க்கரை அதிகமா குறைவா என்றுகூடத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்து டம்ளர் இரண்டாகத் தெரிந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்கு ஃபோன் அடித்தாள்.

"எங்க இருக்கறே புள்ள?" என்றார் சென்னியப்பன். "பெரியண்ணன் வெள்ளனவே வந்துட்டான். இங்கதான் உக்காந்துட்டிருக்கறான். எத்தன குடுக்குது?"

அவள் சொன்னாள். முள்ளைச் சொன்னாள், ஹீட்டரைச் சொன்னாள், ஓஸைப் பிடித்துப் பார்த்ததைச் சொன்னாள், கனகு சொன்னதை அவன் குரலிலேயே சொன்னாள். "ஆமா. சொன்னான். அது எதுக்கு இந்த வெயிலுக்குன்னான். நானும் ஆமான்னேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இத்தன நாள் உன்னைய நான்..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் பக்கத்தில் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது, பெரியண்ணன் டீ குடித்துக்கொண்டிருக்கிறான். "வண்டி குடுக்கறதில்லன்னு இவன்கிட்டச் சொல்லிர்றேன். நீ பதனமா வா. டேங்க் ரொப்பிப் பாக்கறதெல்லாம் வேண்டாம்."

"ஏனுங்க."

"என்ன?"

"அப்ப நான் ஓட்டறதுல ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்ல புள்ள" என்றார் மெதுவாக, பக்கத்தில் ஆள் இருக்கிறவர் பேசுகிற குரலில். "உம்மேல தப்பில்ல."

கலாமணி ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கட்டபெட்டில் சிக்னல் முழுசாக, நாலு கோடும் நின்றது. மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

"கேக்கலீங்க. இங்க டவரே இல்ல" என்றாள். "சத்தமாச் சொல்லுங்க."

"உம்மேல தப்பில்லேங்கறேன்!" என்று கத்தினார் சென்னியப்பன்.